அவர் சிகரெட்டுக்கு நான் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். வயது 41. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. தினமும் விடியற்காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். ஒன்பது வருடமாக பாலிசி கட்டுகிறேன், ஒரு ரூபாய் கிளைம் வாங்கியதில்லை. பிரீமியம் மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. எங்கள் பங்காளி ஒருவருக்கும் அதே இன்சூரன்ஸ்தான். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர். போன மாதம் இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள், பில் முழுவதையும் இன்சூரன்ஸே கட்டிவிட்டது. தானாக வரவழைத்துக்கொண்ட நோய்க்குப் பணம் கொடுப்பது நியாயமா? அடுத்த வருடம் அவர் பாலிசியைப் புதுப்பிக்க விடுவார்களா?"

நான் டாக்டர். முதல் ஆறு வருடம் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராக இருந்தேன். அதன் பிறகு பதினைந்து வருடமாக இன்சூரன்ஸ் கிளைம்களைப் பரிசீலிக்கிற வேலை. கேஸ் ஷீட்டை எழுதியும் இருக்கிறேன், அடுத்தவர் எழுதியதை வைத்துக் 'கொடுக்கலாம்', 'கொடுக்க முடியாது' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் நீளமாகவே சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பங்காளிக்குப் பணம் வந்தது சரி. ஒருவருடைய பழக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் பாலிசி போடுகிற மேசை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டால் என்னென்ன கெடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கில் தொடங்குவோம், உங்கள் கோபம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. வயது கூடக்கூட பிரீமியம் அடுத்த படிக்கு ஏறும். ரூம் வாடகை, ஸ்கேன், மருந்து விலை ஏறும்போது அதுவும் கூடவே ஏறும். இன்னொன்றும் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில், ஆரோக்கியக் காப்பீடு மட்டுமே விற்கிற நிறுவனங்கள் 100 ரூபாய் பிரீமியத்துக்கு ஏறத்தாழ 65 ரூபாயைத்தான் கிளைமாகக் கொடுத்தன. அதே வருடம் அரசுத் துறை நிறுவனங்கள் 100 ரூபாய்க்கு 103 ரூபாய் கொடுத்தன. முதல் வகையில் மீதி 35 ரூபாய் கமிஷன், அலுவலகச் செலவு, விளம்பரம், லாபம் என்று போகிறது. பிரீமியம் ஏன் இவ்வளவு என்று கோபப்படுவதாக இருந்தால் பங்காளியின் சிகரெட் பாக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த 35 ரூபாயைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் சீட்டுக் கணக்கு கைவந்தது. அதனால் காப்பீட்டையும் சீட்டு மாதிரியே நினைத்துவிடுகிறோம். சீட்டில் போட்டது என்றைக்காவது நம் கைக்குத் திரும்பி வரும். காப்பீட்டில் யாருக்கு விழும் என்று தெரியாததால்தான் எல்லோரும் போடுகிறோம், விழாதவர் பணம் விழுந்தவருக்குப் போகிறது. ஆமாம், பங்காளிக்குப் போனதில் உங்கள் பணமும் இருக்கிறது. நாளைக்கு விடியற்காலை இருட்டில் அவிநாசி ரோட்டில் நடக்கும்போது ஒரு வண்டி உங்களை இடித்துவிட்டால் உங்களுக்கு வருவதில் அவர் பணமும் இருக்கும். அந்த இருட்டில் அந்த ரோட்டில் நடந்ததும் நீங்களாகத் தேர்ந்தெடுத்ததுதானே என்று அப்போது யாராவது கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

'கெட்ட பழக்கம் உள்ளவர்தான் காப்பீட்டுப் பணத்தைக் காலி செய்கிறார்' என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. 2008-ல் நெதர்லாந்தில் ஒரு கணக்கு போட்டார்கள். 20 வயதிலிருந்து சாகும்வரை ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவு எவ்வளவு என்று. ஒழுங்காக வாழ்ந்தவருக்கு 2 லட்சத்து 81 ஆயிரம் யூரோ. உடல் பருத்தவருக்கு 2 லட்சத்து 50 ஆயிரம். சிகரெட் பிடிப்பவருக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். சிகரெட் பிடிப்பவர் சீக்கிரம் போய்விடுகிறார். ஒழுங்காக இருந்தவர் நெடுநாள் இருந்து மூட்டு, கண்புரை, மறதி நோய் என்று எல்லாவற்றுக்கும் செலவு வைக்கிறார். நம் நாட்டு பாலிசியை வருடத்துக்கு வருடம் கணக்கிடுகிறார்கள். எனவே அந்தக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தாது, 50 வயதில் சிகரெட் பிடிப்பவர் அந்த வருடத்தில் கூடுதல் செலவுதான். ஆனாலும் 'யார் செலவை யார் சுமக்கிறார்கள்' என்று முழு ஆயுளுக்கும் கணக்கு போட்டால் பங்காளி உங்களுக்குக் கடன்பட்டவர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இனி விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் கேட்பது ஏற்கெனவே பாதி நடைமுறையில் இருக்கிறது. எந்தெந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக, காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கிற ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் ஒரு பட்டியல் கொடுத்தது. அதில் 12-ஆவது விலக்கு: குடி, போதைப்பொருள், வேறு எந்த அடிமைப் பழக்கத்துக்கான சிகிச்சையும், 'அதன் விளைவுகளும்'. உங்கள் பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதே வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். என் பதினைந்து வருட வேலையில் அதிகம் சண்டை நடந்தது 'அதன் விளைவுகளும்' என்ற இந்த இரண்டு சொற்களுக்காகத்தான். குடியால் கல்லீரல் சுருங்கிப்போகிற சிரோசிஸ் விளைவு, சரி. கணையம் வீங்கி வருகிறவருக்குப் பித்தப்பையில் கல்லும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடிக்கிற வழக்கமும் இருக்கிறது. கணையத்தைக் கெடுத்தது கல்லா, குடியா? பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் அன்றைக்குக் குடித்திருந்தார் என்றால் அதுவும் விளைவா? இதையெல்லாம் கேஸ் ஷீட்டில் கிடக்கிற ஒரு வார்த்தையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்த வார்த்தையை யார் எழுதுகிறார்கள் என்று சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, எட்டு நோயாளிகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கிற டூட்டி டாக்டர் எழுதுகிறார். நானே எழுதியிருக்கிறேன். "குடிப்பாரா?" "எப்பவாச்சும் விசேசத்துக்குங்க." அவ்வளவுதான் கேட்டேன், 'ஆல்கஹாலிக்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அப்போது எனக்கு அது வெறும் மருத்துவக் குறிப்பு. பிறகு மேசையின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தபோதுதான் அந்த ஒரு சொல் மூன்று லட்ச ரூபாயை நிறுத்துவதைப் பார்த்தேன். எவ்வளவு குடித்தார், எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று எதுவும் அதில் இருக்காது. கெடா வெட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் குடித்தவருக்கும் காலையில் எழுந்ததும் டாஸ்மாக் வாசலில் நிற்பவருக்கும் அதே சொல்.

ஜனங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை எப்போதும் மறக்க மாட்டேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், 44 வயது, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். சின்ன ஆபரேஷன். அட்மிஷன் போடும்போது குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு மனைவி முந்திக்கொண்டு "அதெல்லாம் இல்லீங்க" என்றார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்கத் தொடங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார், காய்ச்சல், இருதயத் துடிப்பு 140. கிருமித் தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டதோ என்று பயந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பெரிய பெரிய ஆன்டிபயாடிக் போட்டார்கள். விடிகிற நேரத்தில் மனைவியின் அண்ணன் வந்து, "பதினஞ்சு வருசமா தெனமும் ஒரு குவார்ட்டர் உண்டுங்க. மூணு நாளா ஒண்ணுமே இல்லீல்ல" என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த ஜன்னி அது. தினமும் குடிப்பவர் நிறுத்தினால் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் இது வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும். முன்பே தெரிந்திருந்தால் சாதாரண மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுத் தடுத்திருக்கலாம்.

அந்தக் கிளைம் என்னிடம் வந்தபோது அந்த அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எழுதிட்டா இன்சூரன்ஸ் வராதுன்னு சொன்னாங்களேங்க டாக்டர். பொய் சொல்லோணும்னு எங்களுக்கு ஆசைங்களா?" என்றார். அவர் பிழைத்துக்கொண்டார். ஐ.சி.யூ. செலவை இன்சூரன்ஸ் கம்பெனி 12-ஆவது விலக்கைக் காட்டி நிறுத்திவிட்டது. தறி இரண்டை விற்றார்கள். விதியின்படி அந்த முடிவில் தப்பு சொல்ல முடியாது, என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு மனிதன் டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் பணம் போகும், மறைத்தால் உயிர் போகும் என்ற இடத்தில் அவனை நிறுத்துகிற விதியை நான் நல்ல விதி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்பதுபோல சிகரெட்டுக்கும் இதையே கொண்டுவந்தால் நாளைக்கு நெஞ்சுவலியோடு வருகிறவரும் புகைப்பதை மறைப்பார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயங்களில் ஒன்று அது. சர்க்கரைக்குக் கொண்டுவந்தால் மாத்திரைச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள்.

அடுத்த சிக்கல், எது பழக்கத்தால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது. ஒரு பஞ்சு மில்லில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், பீடியும் பிடிப்பார். மூச்சு வாங்குகிறது என்று வந்தார். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கும், அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் தணியும். இவருக்குப் பல வருடம் திங்கட்கிழமை அப்படி இருந்திருக்கிறது. பீடியும் பஞ்சும் சேர்ந்தால் நுரையீரல் இன்னும் சீக்கிரம் கெடும். அந்தப் படிவத்தில் காரணம் என்று ஒரே ஒரு கட்டம்தான். கேஸ் ஷீட்டில் 'ஸ்மோக்கர்' என்று இருந்தது, 'மில் தொழிலாளி' என்பது வேறொரு பக்கத்தில் முகவரிக்குக் கீழே கிடந்தது. பீடி பிடித்தது அவர் தேர்வு என்றால், அந்தப் பஞ்சை யார் தேர்வு என்று எழுதுவது?

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட் ஓட்டாத கம்பெனி திருப்பூரில் எத்தனை? காலை எட்டரைக்கு உட்கார்ந்த டெய்லர் ராத்திரி ஒன்றுக்கு எழுந்து போகிறார் என்றால், அந்த நேரத்தில் திறந்திருக்கிற கடையில் புரோட்டாவும் டீயும்தான் கிடைக்கும். ராத்திரி ஷிப்ட் வேலை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சொன்னது, 2019-ல் மறுபடியும் பார்த்துவிட்டு அதையே உறுதி செய்தது. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர் நாள்கணக்காக ஸ்டியரிங்கில் இருக்கிறார், ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் மாதக்கணக்கில் வடநாட்டில் கிடக்கிறார். இவர்களிடம் போய் 'தினமும் 5 கிலோமீட்டர் நடங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டு, சர்க்கரை வந்தால் அது உங்கள் வாழ்க்கை முறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களை இதில் குற்றம் சொல்லவில்லை. ஆர்டர் கொடுப்பவர் தேதி வைக்கிறார், நீங்கள் ஓட்டுகிறீர்கள். ஆனால் விடியற்காலையில் நடக்க ஒரு மணி நேரம் கிடைப்பதே ஒரு வசதி, அந்த வசதி உங்கள் டெய்லருக்கு இல்லை.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வுப்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுப் போனார்களா? புனேயில் டாக்டர் சி.எஸ்.யாஜ்னிக் 1990-களிலிருந்து கர்ப்பிணிகளையும் அவர்கள் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்து ஒன்று கண்டார். நம் குழந்தைகள் பிறக்கும்போதே எடையிலும் சதையிலும் குறைவு, கொழுப்பில் மட்டும் அந்த அளவுக்குக் குறைவில்லை. தாய்க்குச் சரியான சாப்பாடு கிடைக்காத வயிற்றில் வளர்ந்த உடம்பு, பிற்பாடு கொஞ்சம் நல்ல சாப்பாடு கிடைத்ததும் சர்க்கரைக்கு ஆளாகிவிடுகிறது. நம் அப்பாருமார் காலத்துப் பஞ்சமும் அரைவயிறும் இன்றைக்கு நம் ரத்தப் பரிசோதனைத் தாளில் வந்து நிற்கிறது. அதை எந்தப் பழக்கம் என்று எழுதுவது?

குடியை அரசே விற்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2023-24-ல் அதிலிருந்து அரசுக்கு வந்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கள் இறக்குவது 1987-லிருந்து தடை, நம் பக்கத்துத் தென்னை விவசாயிகள் அதற்காக எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிகரெட் விலையில் ஏறத்தாழ பாதி வரி. அதாவது குடிப்பவரும் புகைப்பவரும் தங்கள் நோய்க்கான பணத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே கல்லாவில் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பணம் அவர்கள் சிகிச்சைக்கு நேராக வருவதில்லை என்பது அவர்கள் தப்பில்லை.

பழைய சட்டம் போட்டவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல், ஒரு சட்டம் வந்தது. பின்னால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் வந்தது, 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. தொழிலாளி குடித்திருந்ததால்தான் விபத்து நடந்தது என்றால் ஈடு கிடையாது என்று அந்தப் பழைய சட்டத்தில் இருந்தது. அதே பிரிவிலேயே, ஆள் இறந்துபோனால் இந்த விலக்கு செல்லாது என்றும் இருந்தது, பின்னால் நிரந்தர முழு ஊனத்தையும் சேர்த்தார்கள். விரல் நசுங்கினால் உன் தப்பு, நீ பார்த்துக்கொள். குடும்பமே தெருவுக்கு வரும் நிலை என்றால் தப்பைப் பேசக் கூடாது. இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். இன்றைய பாலிசியில் இந்தப் படிக்கட்டு இல்லை, சின்னக் காயத்துக்கும் சாவுக்கும் ஒரே கதவுதான்.

ஜெர்மனியிலும் தானாக வரவழைத்த நோய்க்கு நோயாளியிடம் பங்கு கேட்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. வேண்டுமென்றே வரவழைத்தது, குற்றம் செய்யும்போது அடிபட்டது, அழகுக்காகச் செய்த ஆபரேஷன், பச்சை குத்தியது, துளையிட்டுக்கொண்டது இவைதான் அதில் வருகின்றன. குடியும் சிகரெட்டும் சாப்பாடும் இல்லை. எங்கே கோடு போடுவது என்று யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. ரத்தம் ஒழுகும்போது விசாரணை கூடாது என்ற நினைப்பு நமக்குப் புதிதில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயம். அதை நான் மறுக்கவில்லை. தெரிந்தே நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவரும் நீங்களும் ஒரே பிரீமியம் கட்டுவது உறுத்துகிறது, உறுத்தத்தான் செய்யும். புகையிலைக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் வாங்கலாம் என்பது என் கருத்து. அதைக் கண்டுபிடிக்க முடியும், விட முடியும், விட்டால் பயன் உண்டு. ஆள் இறந்தால் மட்டும் பணம் வருகிற ஆயுள் காப்பீட்டின் டேர்ம் பாலிசியில் இது வெகுநாளாக இருக்கிறது. ஆனால் அது பாலிசி போடும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும், விட்டுவிட்டால் எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம் புகைப்பவரிடம் 50 சதவீதம்வரை கூடுதலாக வாங்க அனுமதித்தது. விளைவை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வந்தது: கூடுதல் அதிகமாக இருந்த இடங்களில் ஜனங்கள் சிகரெட்டை விடவில்லை, இன்சூரன்ஸைத்தான் விட்டார்கள். அதனால்தான் அளவோடு என்கிறேன். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் கூடுதல் வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போல ஏழைகளுக்கு அரசு கொடுக்கிற அட்டையில் இந்தப் பேச்சே வரக் கூடாது.

மறைப்பது வேறு கதை. படிவத்தில் குடிப்பதில்லை என்று எழுதிவிட்டு வருபவருக்காக நான் பேசவில்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் ஹரியானாக்காரர் ஒருவர், நாட்பட்ட குடிப்பழக்கத்தை மறைத்து எல்.ஐ.சி.யின் மருத்துவப் பாலிசி எடுத்து, ஒரு வருடத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இறந்துபோனார். பணம் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நான் நீதிபதியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். வாசலில் கேட்டார்கள், வாசலில் பொய் சொன்னார். கேள்விக்குச் சரியான இடம் அது.

உண்மையில் நம் பாலிசிகளில் மாற வேண்டியது அந்த 12-ஆவது விலக்குதான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதையாலும் வருகிற மனநிலைப் பாதிப்பை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதன் 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு பக்கம் சட்டம் உள்ளே இழுக்கிறது, இன்னொரு பக்கம் விலக்குப் பட்டியல் வெளியே தள்ளுகிறது. இதனால் என்ன நடக்கிறது? குடியை நிறுத்த இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து சிகிச்சை எடுப்பவருக்குப் பணம் கிடையாது. அவர் அதை எடுக்காமல் விட்டு, ஐந்து வருடம் கழித்து ரத்த வாந்தியோடு வரும்போது ஐ.சி.யூ., எண்டோஸ்கோபி என்று பல லட்சம் ஆகிறது, அப்போது 'விளைவா, இல்லையா' என்று சண்டை. அந்த இரண்டு வாரத்துக்கு முதலில் பணம் கொடுத்திருந்தால் உங்கள் பிரீமியத்துக்கும் அதுதான் லாபம்.

பங்காளியின் புதுப்பித்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளைம் வாங்கினார் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது, விதி அதை அனுமதிக்கவில்லை. மறைத்தது, மோசடி போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். 60 மாதம் விடாமல் கட்டியிருந்தால் மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய படிவத்தைக் கிளறி மறைத்தார் என்று சொல்லிக் கிளைமை நிறுத்தவும் முடியாது. முன்பு எட்டு வருடமாக இருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். அவர் படிவத்தில் புகையிலைக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஏஜென்ட் பெரும்பாலும் ஒறம்பரையாக, அதாவது சொந்தக்காரராகத்தான் இருப்பார், "கையெழுத்துப் போடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' அடித்துக் கொடுத்துவிடுவார். 'இல்லை' என்று இருந்தால் இப்போதே எழுத்தில் திருத்திக் கொடுத்துவிடுவது நல்லது. உங்கள் படிவத்தையும் பாருங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு எடுத்திருந்தால் அவர்களுடையதை முதலில் பாருங்கள், ரத்த அழுத்த மாத்திரையை எழுதாமல் விடுவது அங்கேதான் அதிகம்.

இன்னொன்று. இருதய அடைப்பு வந்த பிறகு சிகரெட்டை விடுகிறவருக்கு, விடாதவரோடு ஒப்பிட்டால், சாவு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எந்த மாத்திரையும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள், பயம் இன்னும் போயிருக்காது, விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. புகையிலையை விட உதவுகிற அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800 112 356. நிகோடின் சூயிங்கம் அவருக்கு ஆகுமா என்று இருதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு, காலையில் நீங்கள் கிளம்பும்போது பங்காளியின் வீட்டு வாசலில் ஒரு குரல் கொடுங்கள்.